நாற்பத்தைந்து சுற்று

மாங்குளம் சந்தியில் மோட்டர் சுற்றும் கடை.
ஞாயிறு மூன்று மணி, ஷட்டர் பாதி இறக்கம்.
செம்புக்கம்பிச் சுருள்கள், வார்னிஷ் மணம்,
வயிறு பிளந்து கிடக்கும் ஒரு தண்ணிப்பம்பு.
நாங்கள் ஐந்துபேர்.
ஆளுக்கு மூன்று தட்டுத்தான் கொண்டுவரலாம் என்று சட்டம்.
சட்டம் போட்ட யோகசிறி
தன் மேசைக்குக் கீழே ஏழு வைத்திருக்கிறான்.

இமானுவேல் முருங்கனிலிருந்து பஸ்ஸில் வருவான்,
தட்டுகள் மடியில்.
பக்கத்தில் ஆரும் கோழியோடு இருந்தால் எழும்பி நிற்பான்.
அவனுடைய தட்டுகளின் நடுவட்டத்தில்
வெள்ளைக் கடதாசி ஒட்டியிருக்கும்.
பெயரை மறைத்தால்தான் பாட்டுக்கு மரியாதையாம்.
போன வருசம் முழுக்க ஒருத்தியை
ஒட்டுசுட்டான் ராணி என்றே சொல்லித் திரிந்தோம்.
டிட்ரோயிட்டில் பாடினவள்.
ஐந்நூறு அடித்து, நாற்பது விற்று,
மிச்சம் ஒரு நிலவறை வெள்ளத்தில் மிதந்ததாகக் கேள்வி.
அப்படிக் கைதட்டுகிறாள், அப்படிக் கெஞ்சுகிறாள்,
பின்னால் ட்ரம்ஸ்காரன்
கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான்.

உள்ளூரில் விலைபோகாத மாடு என்பார்களே,
எங்கள் பட்டியில் நிற்பதெல்லாம் அந்த மாடுகள்தான்.

நான் கொண்டுபோன மூன்றையும்
ஒருவரும் இரண்டாந்தரம் போடச் சொல்லவில்லை.
அதை விடுவோம்.

பற்றீசியா குடும்பநல மாது.
குழந்தை நிறுக்கும் தராசுப்பெட்டிக்குள்
ஒரேயொரு தட்டோடு வந்தாள்.
திருகோணமலைக் குழு, நீலத் திமிங்கிலங்கள்.
தவிலும் எலெக்ட்ரிக் கிற்றாரும்
ஒரே மைக்குக்கு அடிபட்ட எழுபத்தொன்றாம் ஆண்டு.
மொத்தம் முந்நூறு பிரதி.
வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாள்:
"இந்தக் கறுப்பு வளையத்திலைதான் சக்ஸபோன் வரும், பாருங்கோ."

கதிரமலை, பஸ் கொண்டக்டர்,
பதினொரு வருசமாய் இதைத்தான் தேடினவன்.
கொழும்புப் பழைய புத்தகக்கடைகள்,
கண்டியில் ஒரு பறங்கியர் வீட்டு ஏலம்,
நீர்கொழும்பில் பூட்டிப்போட்ட ஒரு டான்ஸ் ஹோல்.
எச்சில் விழுங்கிக்கொண்டு குந்தினான்.

பெரிய நடுவோட்டைக்குக் கடைந்த மோட்டர் புஷ்ஷில்
யோகசிறி தட்டை இருத்தினான்.
ஊசி இறங்கியது.

தவில் பாய்ந்தது. கிற்றார் துரத்தியது.
பற்றீசியாவின் செருப்பு தாளம் போட்டது.
கதிரமலை தலையாட்டினான், இல்லையென்று.
"உது அந்தப் பாட்டில்லை."
பெயர் அதுதான், குழு அதுதான்,
கீறியிருக்கிற இலக்கமும் அதுதான்.
"இது ஓடுது. அது நடந்தது."

மல்லாவி, தொண்ணூற்றேழு. கரண்ட் இல்லாத ஊர்.
ஆரோ இடம்பெயர்ந்து வந்தவையின் தட்டு, ஆரோவின் பிளேயர்.
கவிழ்த்து வைத்த சைக்கிள், டைனமோ.
பன்ரண்டு வயசு, மிதியைக் கையால் சுற்றினவன் தான்தான் என்றான்.

பிறகு கேட்காமலே
சுட்டுவிரலைத் தட்டின் விளிம்பில் வைத்தான்.

"டேய்!" இமானுவேல் எழும்பிவிட்டான்.
முந்நூறில் மிஞ்சியது எத்தனையோ, அதில் கைரேகை!
"விடுங்கோ," என்றாள் பற்றீசியா, "தொடட்டும்."

பாட்டு கனத்தது.
பாடினவளின் குரல் ஆம்பிளைக் குரலாகியது.
சக்ஸபோன் ஈனப்போகிற எருமையாகியது.
தவில் ஒவ்வொரு அடிக்கும் யோசித்து யோசித்து விழுந்தது.
இரண்டாவது சரணத்தின் நடுவில்
விரலைத் தூக்கினான். பாட்டு துள்ளியது. திரும்ப வைத்தான்.
"இதிலை கை மாத்தினனான்."

ஒருவரும் பேசவில்லை.
யோகசிறி மட்டும், பம்பு ஒன்றின் வேகம் சொல்வதுபோல,
"முப்பத்தொன்பது இருக்கும்," என்றான்.

அப்படியொரு தட்டை
எந்தக் கொம்பனியும் அடிக்கவில்லை.
இமானுவேல் வெள்ளைக் கடதாசி ஒன்றை எடுத்து
என்ன எழுதுவதென்று தெரியாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பற்றீசியா முந்தானையால் விளிம்பைத் துடைத்தாள்.
"மற்றப் பக்கம் என்ன பாட்டு?"

"தெரியாது," என்றான் கதிரமலை.
"மற்றப் பக்கத்துக்குக் கை ஏலாது."

திருப்பிப் போட்டோம்.
விரல்களையெல்லாம்
அவரவர் மடியில் வைத்துக்கொண்டு.